பதினாறு ஆரக்கால்

அந்தக் கட்டடத்தை எனக்குப் பிடிக்காது. திறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. எம்.ரெட்டியபட்டிப் பக்கம் பஸ்ஸில் போக வேண்டியிருந்தால், அது வருகிற பக்கத்து ஜன்னலில் நான் உட்காருவதில்லை. இடம் இல்லையென்றால் நின்றுகொண்டு போவேன். அந்த ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்களில் பாதிப் பேரையும் எனக்குப் பிடிக்காது.

அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு காலியிடத்தில் சிமெண்டுச் சாமான் வார்ப்பது என் தொழில். கிணற்று உறை, வேலிக்கல், பலகைக்கல், ஜாலி. ஜாலி என்றால் சுவரில் காற்றுக்காக வைக்கிற ஓட்டைக்கல். பூ ஜாலி, வட்ட ஜாலி, டைமண்டு ஜாலி என்று பல தினுசு உண்டு. நான் அதிகம் பேசாதவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே என்னை எல்லோரும் "ஜாலி" என்று கூப்பிடுகிறார்கள். "ஏலே, ஜாலி வருது பாரு, எல்லாரும் சிரிங்கடா" என்று டீக்கடையில் சொல்வார்கள். இருபது வருடமாக அதே நையாண்டி.

ஒரு நாள் என் இடத்துக்கு ஒரு கார் வந்தது. இறங்கியவர்களில் ஒருவர் அந்த ஊர் ஊராட்சித் தலைவியின் கணவர். தலைவி கையெழுத்துப் போடுவார், மற்ற எல்லாவற்றையும் இவர் பார்ப்பார். கூட வந்தவர் மதுரையிலிருந்து வந்த கட்டடம் வரைகிறவர். ஊரில் அவரை இன்ஜினியர் என்றுதான் சொன்னார்கள். அவர் முகம் சுளித்து, "ஆர்கிடெக்ட்" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினார்.

புது ஊராட்சி மன்றக் கட்டடம் கட்டுகிறார்கள். அதன் முகப்புச் சுவர் முழுக்க ஜாலி வேண்டும். பூவோ வட்டமோ இல்லை, கொடியில் இருக்கிற சக்கரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, எட்டு வரிசைக்கு ஆறு, மொத்தம் நாற்பத்தெட்டு.

"இது சாதாரணக் கட்டடம் இல்லண்ணே" என்றார் மதுரைக்காரர். "வெள்ளைக்காரன் அவன் ஊர்ல இருந்த மாதிரி வளைவும் தூணுமா கட்டிட்டுப் போனான். அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க தீப்பெட்டி தீப்பெட்டியா அடுக்குனாங்க. அதப் பார்த்து எந்த நாட்டுக் கட்டடம்னு சொல்ல முடியுமா? முடியாது. இனிமே கட்டடம் பேசணும். நான் யாருன்னு அதுவே சொல்லணும்."

தலைவியின் கணவர் தலையை ஆட்டினார். "பேசட்டும் சார். மன்றக் கூட்டத்துல இங்க ஒருத்தனும் வாயத் தொறக்குறதில்ல. கட்டடமாச்சும் பேசட்டும்."

ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார்கள். எலிவேஷன் என்று மேலே போட்டிருந்தது. எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு வீட்டின் முகப்பு அலங்காரம் என்று அர்த்தம். உள்ளே ஒழுகினாலும் பரவாயில்லை, எலிவேஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். காகிதத்தில் உச்சியில் கோபுரம் மாதிரி மூன்று அடுக்கு, அதற்கு மேல் சிங்கத் தலை, இரண்டு பக்கமும் தாமரை மொட்டு வைத்த தூண், நடுவில் சக்கரச் சுவர். வாசல் மேற்கே பார்த்திருந்தது.

அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தை எனக்குத் தெரியும். இவர் சொன்ன தீப்பெட்டிதான். சுதந்திரத்துக்குப் பிறகு கட்டியது. ஆனால் மேற்குப் பக்கம் மூன்றடிக்குச் சன்ஷேடு இழுத்து விட்டிருந்தார்கள். சாயங்காலம் ரேஷனுக்கு நிற்கிற பெண்கள் அதன் கீழே வரிசையாக நிற்பார்கள். அதை வரைந்தவர் யாரோ, வெயிலைத் தெரிந்தவர். புதுக் காகிதத்தில் அந்தச் சன்ஷேடு இல்லை. சன்ஷேடு போட்டால் சக்கரம் மறைந்துவிடுமாம்.

இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதோடு வேறு ஒரு காரணமும் இருந்தது, சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. நான் வார்த்த ஜாலியெல்லாம் மாடிப்படிச் சுவருக்கும், குளியலறைக்கும், கக்கூஸுக்கு மேலேயும்தான் போயிருக்கிறது. பொதுக் கட்டடத்தின் முகப்புக்கு, அதுவும் கொடியில் இருக்கிற சக்கரம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தச் சுவர் என் கையால் எழும்பி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள். அது போதும் என்று இருந்தது.

வட்டத்தைப் பிரிக்க எங்களிடம் இருப்பது நூல். வட்டத்தைச் சுற்றி நூலை வைத்து எடுத்து, இரண்டாக மடிப்போம். பிறகு நாலு, எட்டு, பதினாறு. மடித்த இடத்தில் கரியால் குறி வைத்தால் ஒன்று கூடக் குறைய வராது. பூ ஜாலிக்கு எட்டு இதழ் அப்படித்தான் வந்தது. மூன்றாக மடிக்கிற பழக்கம் எங்கள் வேலையில் கிடையாது. யாரும் அப்படி ஒரு சாமான் கேட்டதும் இல்லை.

காகிதத்தில் சக்கரம் ஒன்று கட்டை விரல் நகம் அளவு இருந்தது. ஜெராக்ஸ் எடுத்ததில் நடுவே மை கலங்கி ஒரே கறுப்பு. கோட்டை எண்ணினேன். ஒரு தடவை பதினெட்டு வந்தது, ஒரு தடவை இருபது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் கொடிக்குக் கீழே நின்றிருக்கிறேன். மிட்டாயைத்தான் எண்ணியிருக்கிறேன், சக்கரத்தை எண்ணியதில்லை. நூலை மடித்துப் பதினாறு வைத்தேன். பார்வைக்கு நெருக்கமாக, அழகாக இருந்தது.

தகரம் அடித்த பலகையில் அச்சு செய்து, ஒரு நாளைக்கு மூன்று வீதம் வார்த்தேன். ஆரக்கால் ஒவ்வொன்றும் அரை அங்குலக் கனம், உள்ளே கட்டுக்கம்பி. தொட்டித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். மதுரைக்காரர் நடுவில் வந்து பார்த்தார். ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்துப் போட்டோ எடுத்தார். தடவிப் பார்த்தார். "சூப்பர்" என்றார். அவரும் எண்ணவில்லை.

சுவர் எழும்பியதும் உள்ளே போய் நின்று பார்த்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெயில் சக்கரம் சக்கரமாகத் தரையில் விழுந்து கிடந்தது. சூடுதான், ஆனால் காற்று வந்தது. கருவேலங்காட்டுக் காற்று, தூசியோடு. சன்ஷேடு இல்லாவிட்டாலும் இந்த ஓட்டைகள் இருக்கிற வரைக்கும் உள்ளே மனிதர் உட்காரலாம் என்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைவியின் கணவர் போன் செய்தார். "ஒடனே கிளம்பி வாய்யா." வேறு எதுவும் சொல்லவில்லை.

நான் போனபோது கட்டடத்துக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள். நடுவில் முன்னாள் தலைவர் நின்றார். போன தேர்தலில் மனைவியை நிறுத்தித் தோற்றவர். கையில் போன் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"எண்ணுங்கடா. சத்தமா எண்ணுங்க."

ஒருவன் எண்ணினான். பதினாறில் நின்றான்.

"கொடியில எத்தன?"

"இருவத்துநாலு."

"அப்ப இது என்ன? கொடிச் சக்கரமா, குதிரை வண்டிச் சக்கரமா? எட்டு ஆரக்கால எங்க கொண்டு போனாக? அரசாங்கக் கட்டடத்துல தேசியச் சின்னத்துக்கு அவமானம். எல்லா குரூப்லயும் போட்டாச்சு. கலெக்டருக்கும் போகும்."

தலைவியின் கணவர் என் பக்கம் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. "என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

நூல் மடிக்கிற கணக்கைச் சொல்ல வாயைத் திறந்தேன். முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். "நூலு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"நூலா? நூல் விட்டுப் பார்க்குறாரு!" என்று யாரோ ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். முன்னாள் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, கேஸு ஆகும்டா இது. ஜாலி ஜெயிலுக்குப் போகப் போகுது" என்றார். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

மதுரைக்காரரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார்கள். "என் டிராயிங்ல கரெக்டா இருபத்துநாலு இருக்கு சார். சைட்ல வேலை செய்றவங்க பண்ற தப்புக்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அவருடைய கம்ப்யூட்டரில் இருபத்துநாலு இருந்திருக்கலாம். என் கையில் கொடுத்த காகிதத்தில் கறுப்பு மைதான் இருந்தது. தடவிப் பார்த்து சூப்பர் சொன்னவரும் அவரே. அன்றிலிருந்து அந்த ஆளின் குரலை நினைத்தாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

விழாவைத் தள்ளிவைத்துவிட்டு, இருபத்துநாலு வைத்து மறுபடி வார்க்கச் சொன்னார்கள். என் மனைவிதான் நூலை மூன்றாக மடித்துக் கொடுத்தாள். "மூணா மடிச்சு, பெறகு மூணு தடவ ரெண்டா மடிங்க. சேலைக்குக் கொசுவம் வைக்கிறவளக் கேட்டா அப்பவே சொல்லியிருப்பால்ல?" என்றாள். அச்சு செய்தேன். ஆனால் ஆரக்கால் எல்லாம் வந்து சேருகிற நடுக் குடம் நாலு அங்குலம்தான். அதைச் சுற்றி அரை அங்குல ஆரக்கால் இருபத்துநாலு வைத்தால் இடையில் ஓட்டைக்கு இடமே இல்லை. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக நின்றது. ஆரக்காலை மெலிதாக்கினால் அச்சை எடுக்கும்போது உடைந்தது. ஆறு வார்த்தேன், ஆறும் போயிற்று.

மதுரைக்காரருக்கு நானே போன் செய்தேன். போனில் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும். "சின்னதுல நிக்காது சார். ஒரே சக்கரமா ஆறடிக்குப் போடுவோம். இருவத்துநாலும் நிக்கும், காத்தும் வரும்" என்றேன்.

"அப்படிப் போட்டா டிசைனே போச்சு. திரும்பத் திரும்ப வரணும். அதுதான் கான்செப்ட்."

"அப்ப காத்து சார்?"

"ஃபேன் போடுவாங்கண்ணே."

மறுநாள் முடிவு சொன்னார்கள். ஜாலியை எல்லாம் எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்து, மேலே அலுமினியத் தகடு. மதுரையில் மெஷினில் வெட்டி வரும். இருபத்துநாலு பிசகாது. பின்னால் லைட் எரியும்.

எடுப்பதற்குக் கூலியாள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றேன். மற்றவன் எடுத்தால் கடப்பாரை போடுவான். இரண்டு நாள் உளி வைத்துச் சுற்றிப் பூச்சைத் தட்டித் தட்டி, நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்றை உடையாமல் எடுத்தேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. சிலர் நின்று பார்த்தார்கள். ரோட்டோரம் அடுக்கி வைத்துவிட்டு லோடு ஆட்டோவுக்காக உட்கார்ந்திருந்தேன்.

ரேஷனுக்கு வந்த ஒரு பெண் முதலில் கேட்டாள். "அண்ணே, இத என்ன செய்யப் போறீக? எங்க பாத்ரூமுக்கு ஜன்னலே இல்ல. ரெண்டு குடுங்கண்ணே."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தலையில் வைத்துக்கொண்டு போனார்கள், டூவீலரில் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆட்டோ வருவதற்குள் ஒன்றும் மிச்சம் இல்லை. குளியலறைக்கும் கக்கூஸுக்கும் ஆட்டுக்கொட்டடிக்கும் போயிற்று. முகப்பு என்று ஆசைப்பட்டதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான். கொடுக்காமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து என்ன செய்வேன், அதுவும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, பலகைக்கல் இறக்க அந்த ஊருக்குப் போனேன். டீக்கடையில் முன்னாள் தலைவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் போனை எடுத்தார்.

"வாய்யா ஜாலி. இங்க பாரு." படத்தில் ஒரு கக்கூஸுச் சுவர். அதில் என் சக்கரம். "தேசியச் சக்கரத்தக் கக்கூஸுல வச்சிருக்காக. குடுத்தது நீ. இப்பத்தான்டா நிசமான கேஸு."

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். எப்போதும்போலத் தலையைக் குனிந்து போயிருப்பேன். ஆனால் அந்தப் படத்தில் சக்கரத்துக்குக் கீழே ஒரு வாளி தொங்கியது. அதைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது.

"பதினாறு இருந்தா அது சக்கரமே இல்லைன்னு நீங்கதான சொன்னீக" என்றேன். "சுவத்துல இருக்கையில அது சக்கரம் இல்ல. கக்கூஸுக்குப் போனதும் சக்கரமாயிருச்சா? எந்த எடத்துல எட்டு ஆரக்கால் மொளச்சுச்சு, சொல்லுங்க."

டீ ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டார். பிறகு முன்னாள் தலைவர் தொடையில் தட்டினார்.

"ஏலே, ஜாலி பேசிருச்சுடா! கட்டடம் பேசும்னு பார்த்தா ஜாலி பேசுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதில் இருந்த நியாயம் அந்தச் சிரிப்பில் காணாமல் போயிற்று. கேஸு வரவில்லை. அவருக்கு வேண்டியது கேஸு இல்லை, அடுத்த தேர்தல்.

கட்டடம் திறந்தார்கள். தகட்டில் நாற்பத்தெட்டுச் சக்கரம். சாயங்காலம் லைட்டுப் போட்டால் நகைக்கடை மாதிரி மின்னுகிறது. மூன்று மணிக்கு மேல் தகடும் செங்கலும் சேர்ந்து சூடேறி, உள்ளே மண்பானைச் சூளை மாதிரி இருக்கிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. கிராம சபைக் கூட்டத்தைக் கட்டடத்துக்குப் பின்னால், கிழக்கே நிழல் விழுகிற இடத்தில் நாற்காலி போட்டு நடத்துகிறார்கள். நாட்டின் முகம் என்று கட்டியதற்கு முதுகுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். மதுரைக்காரர் அதற்கு ஏதோ பரிசு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

போன மாசி மாதம் வீரசோழனிலிருந்து ஒருவர் என் இடத்துக்கு வந்தார். புது வீடு கட்டுகிறார். கடை வைத்திருப்பவர், என் வயதுதான் இருக்கும். சுவரில் சக்கரம் இருந்தபோது எடுத்த அந்தப் பழைய படம் போனில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் காட்டினார்.

"அண்ணே, இந்தச் சக்கர ஜாலி நீங்க போட்டதுன்னாங்க. எனக்கு இதே வேணும். முன்பக்கக் காம்பவுண்டுக்கு முப்பது."

"இது பிரச்சினையாகி எடுத்தது பாய்."

"தெரியும். பார்க்க நல்லாருக்குல்ல." கொஞ்சம் நிறுத்தினார். அவரும் என்னைப் போல அதிகம் பேசாதவர் என்று தெரிந்தது. "பிள்ளைங்க வெளியூர்ல படிக்குதுக, வேலை பாக்குதுக. காலம் ஒரு மாதிரியா இருக்கு. நம்ம வீட்டு வாசல்ல இது இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாகள்ல."

அச்சு பின்னால் தகரக் கொட்டகையில் சாய்ந்து கிடந்தது. பதினாறு ஆரக்கால் அச்சு, எண்ணெய் தடவினால் நாளைக்கே வார்க்கலாம். முப்பது சக்கரம், ஒரு வீட்டின் முகப்பில், கேட்டு வாங்குகிறவர் ஒருவர். என் மனைவி கொட்டகை வாசலில் நின்று, சரி சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினாள். எனக்கும் சொல்லத்தான் ஆசை.

"பாய்," என்றேன், "இதுல பதினாறுதான் இருக்கு. கொடியில இருவத்துநாலு. இந்த அளவுல இருவத்துநாலு நிக்காது. நான் போட்டுப் பார்த்துட்டேன்."

அவர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணினார். போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஊர்ப் பொதுக் கட்டடத்துலயே எண்ணிட்டாக."

"ஆமா."

"எங்க வீடுன்னா ரெண்டு தடவ எண்ணுவாக."

நான் அடுக்கி வைத்திருந்த ஜாலிகளை அவர் சுற்றிப் பார்த்தார். பூ ஜாலி முன்னால் நின்று, இது கோயில் பூ மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சும்மா பூதான் என்றேன். வட்ட ஜாலியைப் பார்த்தார், பிறை மாதிரித் தெரியுமோ என்று அவரே சொல்லிக்கொண்டார். கடைசியில் டைமண்டு ஜாலி எடுத்தார். அது வெறும் சாய்சதுரம். யாருக்கும் எந்த அர்த்தமும் சொல்லாது.

வண்டி போன பிறகு கொட்டகைக்குள் போய் அந்த அச்சை வெளியே இழுத்தேன். தகரத்தைப் பிய்த்துத் தனியாக வைத்தேன். பலகையைக் கோடாலியால் பிளந்தேன். நல்ல தேக்கு, சுலபத்தில் பிளக்கவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "விட்டுருங்க, இன்னொருத்தரு கேப்பாக" என்றாள். கேட்பார்கள் என்பதால்தான் பிளக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.